சேதாரம்

செட்டியார் தெருவில்,
கண்ணாடிக் கடைகளின் முதுகுப் பக்கம்,
இரண்டாம் மாடிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன்.
வந்த தங்கம். போன தங்கம்.
நடுவில் எங்கோ குறைந்ததற்கு ஒரு பத்தி:
சேதாரம்.

ஐந்து வருடம் என் காலைகள்
ஒரு மனிதரின் குரலில் விடிந்தன.
பாண் ஓட்டோவின் மெட்டு
கொட்டாஞ்சேனைச் சந்தில் நுழையுமுன்னே
தலையணைக்கடியில் கைபேசி முனகும்:
"மகளே, உன் வாசலில் ஒரு நிழல் நிற்கிறது."
அதே நிழல் அதே நிமிடத்தில்
நாலாயிரம் வாசல்களில் நின்றது
எனக்குத் தெரியாது.

நிழலை விரட்ட ஒரு காணிக்கை.
விரண்டதற்கு நன்றியாய் இன்னொன்று.
விரளாவிட்டால் விசுவாசத்தில் ஓட்டை,
அதை அடைக்க மூன்றாவது.
வத்தளையில் இருந்தார்.
நேரில் கண்டது இரண்டே தடவை.

மேல்மாடிப் பிலோமினாவோடு பேசாதே என்றார்.
எதிரில் வந்தால் படியைப் பார்த்து இறங்கினேன்.
தம்பியின் மனைவி பொட்டு வைப்பவள்,
அவள் கை பட்டதை உண்ணாதே என்றார்.
சுகந்தினி கட்டித் தந்த புட்டு
சூடு ஆறாமலே
மட்டக்குளி பஸ்ஸின் இருக்கையில் கிடந்தது.
நான் இறங்கி நடந்தேன்,
பரிசுத்தமாய்.

மழை விட்ட ஒரு செவ்வாய்
ஒருத்தி வளையல் விற்க வந்தாள்.
முப்பத்தொரு கிராம்.
சீவரத்தினம் அதை வெட்டினான்.
உள்ளே அரக்கு.
கறுப்பாய் உருகி, புகைந்து,
கண்ணை எரித்துக்கொண்டு போனது.
தராசில் மிஞ்சியது பன்னிரண்டு.
"அம்மா இதைப் பாரமாய்த்தானே தந்தா"
என்றாள் அவள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
ரிஸ்வான் ஒரு பிளேன்ரீயை அவள் பக்கம் நகர்த்தினான்.

அப்போது லாச்சிக்குள் கைபேசி முனகியது.
"மகளே, நீ வேலை செய்யும் இடத்தில் சாபம் இருக்கிறது."
நிமிர்ந்து பார்த்தேன்.
ஊதுகுழலோடு குனிந்திருந்த முதுகு.
சத்தம் போடும் மின்விசிறி.
தேநீரைத் தொடாமல் அழுகிற ஒருத்தி.
சாபத்தை எங்கே தேட?

அந்த எண்ணை அடைக்க
ஒரு விரல் போதுமாயிருந்தது.
விரல் நடுங்கியது மட்டும்
பத்தியில் எழுதப்படவில்லை.

பிறகு வந்த காலைகள் மோசம்.
கை தானாய்த் தலையணைக்கடியில் துழாவும்.
நிழல் ஒன்று நிற்கிறதென்று
சொல்ல ஆளில்லாததே பெரிய நிழலாய் நின்றது.
முழந்தாளிட்டு "ஆண்டவரே" என்றால்
என் வாயில் அவருடைய ராகம்,
அவருடைய இழுவை, அவருடைய அதட்டல்.
எண்ணை அடைக்கலாம்.
தொண்டைக்குள் இருப்பவரை?

எழுந்துவிட்டேன். மறுநாளும்.
ஒருநாள், பேரேட்டை வாசிப்பதுபோல்,
ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னேன்:
"பயமாயிருக்கு. கூட இரும்."
அவ்வளவுதான் மிஞ்சியது.
ஐந்து வருட உபவாசம், கண்ணீர்,
அடகுக் கடையில் மூழ்கிய சங்கிலி,
எல்லாம் போட்டு உருக்கினால்
மூன்று சொல்.
வெட்கமாயிருந்தது.
ஆனால் உரைத்துப் பார்த்தேன், மஞ்சளாய்த்தான் கோடு விழுந்தது.

பிலோமினா இன்னும் முகம் கொடுப்பதில்லை.
கொடுக்க வேண்டுமென்று
எந்த வேதத்திலும் எழுதியில்லை.

ஞாயிறு, பூசை முடிந்து,
தெமட்டகொடைக்குப் போனேன்.
சுகந்தினி கதவைத் திறந்தாள்.
ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை,
ஏன் இத்தனை நாள் என்றும் கேட்கவில்லை.
அடுப்பு வெக்கையில் பொட்டு கரைந்து
மூக்கு வரை இறங்கியிருந்தது.
புட்டு வைத்தாள். சம்பல் வைத்தாள்.
பொரித்த சூடை இரண்டு.

ஜெபிக்க மறந்து சாப்பிடத் தொடங்கிவிட்டேன்.
பாதிக் கவளத்தில் நினைவு வந்தது.
வாய் நிறையச் சோறோடு பேசும் பிள்ளையைப்போல்
தேங்காய்ப்பூ ஒட்டிய வாயாலேயே
நன்றி சொன்னேன்.

யாருடைய குரலும் அதில் இல்லை.
கொஞ்சம் புரையேறியது.
சுகந்தினி தண்ணீர் நீட்டினாள்.